என் கைக் கொள்ளுச் சாறு

எங்கள் ஊரில் கொள்ளுச் சாறு என்றால் என் கையால் வைத்ததைத்தான் சொல்வார்கள். குழந்தைக்குச் சளி பிடித்தாலும் சரி, காட்டில் மழையில் நனைந்து எவனாவது நடுங்கிக்கொண்டு வந்தாலும் சரி, கிண்ணத்தைக் கொடுத்து எங்கள் வீட்டுக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கொள்ளை லேசாக வறுத்து வேக வைக்க வேண்டும். வெந்ததில் ஒரு பிடியை அம்மியில் அரைத்து வடிதண்ணீரில் கரைத்து, பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டு, புளியை மட்டும் கம்மியாக விட வேண்டும். பூண்டில் கஞ்சத்தனம் பார்த்தால் சாறு கெட்டது.

இதைச் சொல்லவா ஏரியூரிலிருந்து பஸ் ஏறிப் பென்னாகரம் ஸ்டேஷனுக்கு வந்தாய் என்று நீங்கள் கேட்கலாம், இன்ஸ்பெக்டர் ஐயா. இதைச் சொல்லத்தான் வந்தேன். வாசலில் ஏட்டையா என்னிடம் பாதியைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். கீரை கொடுத்ததற்கெல்லாம் கேஸ் எழுதினால் தருமபுரி ஜில்லாவில் ஒரு பொம்பளையும் வெளியே நடமாட முடியாது என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வீட்டிலும் கேழ்வரகுக் களியும் கீரையும்தான் இருக்கும். நீங்கள் ஒருவர்தான் உட்காரச் சொன்னீர்கள். ரைட்டர் எழுதட்டும், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் தம்பி முனிராஜ் போன மாதம் இறந்தான். அவன் பெண்டாட்டி பெரியம்மாள்தான் சாப்பாட்டில் ஏதோ வைத்துக் கொன்றுவிட்டாள் என்று எங்கள் பெரியப்பா உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கேட்டால் அவளும் ஆமாம் என்று தலையாட்டுகிறாளாம். அவளை இரண்டு தடவை இங்கே கூட்டி வந்து உட்கார வைத்ததாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது சரியில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவள் நான்.

அப்பனும் ஆத்தாளும் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது, அவனுக்கு ஐந்து. பெரியப்பா வீட்டில் இருந்து பார்த்தோம், ஒத்துவரவில்லை. திரும்பி வந்து எங்கள் வீட்டையே திறந்துகொண்டோம். இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு இருந்தது. கேழ்வரகு போடுவேன், ஊடே அவரையும் துவரையும் போடுவேன், ஒழிந்த நேரத்தில் கூலிக்குப் போவேன். அவனை வரப்பில் உட்கார வைத்துவிட்டுத்தான் களை வெட்டுவேன். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். நன்றாகப் படித்தான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எதையாவது பிரித்துப் போட்டு மறுபடி பூட்டிக்கொண்டே இருப்பான்.

பத்து பதினொரு வயதில் அவனுக்குத் தொண்டைப் புண் வந்தது. எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான் என்று இருந்துவிட்டேன். பிறகு முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் மணிக்கட்டு வீங்கியது. அது வடிந்ததும் அடுத்த முழங்கால். வீக்கமெல்லாம் தானாகப் போயிற்று, போகும்போது மூச்சையும் கெடுத்துவிட்டுப் போயிற்று. முதுகில் சுமந்துகொண்டு பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூட்டுக்கு வந்தது இதயத்தைப் பிடித்துவிட்டது, உள்ளே ஒரு கதவு இருக்கிறது, அது சுருங்கிப்போய்விட்டது என்று சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவனால் படுத்துத் தூங்க முடியவில்லை. மல்லாந்தாலும் ஒருக்களித்தாலும் மூச்சு முட்டும். உட்கார்ந்தபடிதான் தூக்கம். நான் சுவரில் முதுகைக் கொடுத்து உட்காருவேன், அவன் என்மேல் சாய்ந்துகொண்டு தூங்குவான். அவன் நெஞ்சு அடித்துக்கொள்வது என் நெஞ்சில் கேட்கும். ஏழெட்டு வருஷம் எங்கள் வீட்டில் இப்படித்தான் பொழுது விடிந்தது.

என்னைக் கேட்டு யாரும் வராமல் இல்லை. எங்கள் மாமன் மகன் காளியப்பன் நெடுநாள் காத்திருந்தார். கடைசியில், தம்பியை எங்காவது விட்டுவிட்டு வா என்றார். எங்காவது என்றால் எங்கே? அவர் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அதில் வருத்தமில்லை. இதை ரைட்டர் எழுத வேண்டாம்.

தருமபுரி தனி ஜில்லா ஆன மறு வருஷம், பென்னாகரம் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து எங்களை வேலூருக்கு அனுப்பினார். அங்கே நெஞ்சின் ஓரத்தைக் கிழித்து, டாக்டர் விரலை உள்ளே விட்டு அந்தக் கதவைத் திறந்துவிட்டார். ஒரு மனுஷனுடைய விரல் என் தம்பியின் இதயத்துக்குள் போய் வந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஊருக்கு வந்த அன்று அவன் பாயை விரித்து, கையைக் காலை நீட்டி, மல்லாந்து படுத்தான். “அக்கா, படுக்க முடியுதுக்கா” என்றான். அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டான். நான் வழக்கம்போலச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எனக்குப் படுத்தால் தூக்கம் வரவில்லை. இப்போதும் வருவதில்லை. அன்றைக்குச் சந்தோஷப்பட்டாயா என்று கேட்டால், பட்டேன். சந்தோஷமும் பட்டேன்.

வேலூரில் அவனுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ரத்தம் உள்ளே கட்டிக்கொள்ளாமல் இளகி ஓடுவதற்கு. ஆயுசுக்கும் விழுங்க வேண்டும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேலூருக்கு வந்து ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு ஐயா, நீங்கள் கிழக்கத்தி ஆள், உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இங்கிலீஷ் மாத்திரை ரத்தத்தைத் தண்ணீராக்கிவிடும் என்பார்கள். வீட்டில் ஒருவன் மாத்திரை விழுங்கினால், ரத்தம் ஊறுவதற்குப் பச்சிலைச் சாறு பிழிந்து கொடுக்காத பொம்பளையை ஊரே பேசும். இவனுக்கோ டாக்டரே வாயைத் திறந்து ரத்தத்தை இளக்கும் மாத்திரை என்கிறார். நான் சும்மா இருப்பேனா? வீட்டுக்குப் பின்னால் முருங்கை நின்றது. காலையில் இலையை உருவி, அரைத்து, பிழிந்து, உப்புப் போட்டு ஒரு டம்ளர் கொடுப்பேன். அவனும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பான்.

ஒரு சாயங்காலம் அவன் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் எடுக்கவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. என்னைப் பார்த்து என்னமோ சொன்னான், அது பேச்சாக வரவில்லை. நான் பிடித்து உட்கார வைத்தேன். பொழுது சாய்வதற்குள் கை வந்தது, வாய் நேரானது, அக்கா என்று கூப்பிட்டான். அழுதுகொண்டே வேலூருக்குக் கூட்டிப் போனேன்.

அந்த டாக்டர் தங்கமான மனுஷர். என்ன கொடுத்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். முருங்கைச் சாறு என்றதும் பேனாவைக் கீழே வைத்தார்.

“தெரியாம குடுத்தீங்க, உங்க மேல தப்பில்லம்மா. இனிமே தெரிஞ்சுக்குங்க. கீரை, இலைச் சாறு, நாட்டுக் கஷாயம் எதுவும் இவருக்கு ஆகாது. மாத்திரை செய்யற வேலைய அந்தச் சாறு கெடுத்துரும். ரத்தம் கட்டி மூளைக்குப் போயிரும். இந்தத் தடவை திரும்பி வந்துருச்சு. அடுத்த தடவை வராது. மாத்திரை நான் எழுதிக் குடுத்துருவேன், காவல் நீங்கதாம்மா.”

தம்பி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் காதிலும் இது விழுந்தது.

அன்றோடு நிறுத்தினேன். வீட்டில் கீரையே சமைப்பதில்லை. பக்கத்து வீட்டில் கடைந்தால்கூட அவனை உள்ளே கூப்பிட்டுக்கொள்வேன். முருங்கையை வெட்டியிருக்கலாம். நல்ல காய்ப்பு, மனசு வரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கேட்காமலே சொல்கிறேன். அந்தச் சாயங்காலம், வாய் கோணியிருந்த அந்தக் கொஞ்ச நேரம், அவன் என்மேல் சாய்ந்துகொண்டான். ஆபரேஷனுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. என் முந்தானையைப் பிடித்த இடது கையை அவன் விடவே இல்லை. எனக்குப் பயத்தில் உயிர் போய் உயிர் வந்தது. ஆனாலும் அவன் பாரம் என்மேல் இருந்தது. அதை நான் மறக்கவில்லை.

பிறகு நல்ல காலம்தான். தருமபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அப்துல் சுபான் பாய் என்று ஒருவர் ரேடியோ கடை வைத்திருக்கிறார். இவன் கையைப் பார்த்துவிட்டு, கூட வைத்துத் தொழில் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் ஏரியூரிலேயே ஒரு பெஞ்சைப் போட்டு டிரான்சிஸ்டர் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தான். பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு வேலை செய்வான். உடம்பு தேறியது. கன்னத்தில் சதை போட்டது. என்னை எதற்கும் கூப்பிடுவதில்லை. தண்ணீர் அவனே மோந்து குளிப்பான், மாத்திரை அவனே எடுத்துப் போட்டுக்கொள்வான். “நீ எதுக்குக்கா எந்திரிக்கற, உக்காரு” என்பான். உட்கார்ந்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பெண் பார்த்துக் கட்டி வைத்தவள் நான்தான். பொறாமைக்காரி என்று யாரும் என்னைச் சொல்லிவிட முடியாது. பெரியம்மாள் கடத்தூர்ப் பக்கத்துப் பெண், தூரத்து உறவு. விடியுமுன் எழுந்திருப்பாள், எதிர்த்துப் பேச மாட்டாள், அண்ணி அண்ணி என்று என் பின்னாலேயே வருவாள். குறை என்று ஒன்று சொல்ல முடியாத பெண். அவளிடம் எனக்கு இருந்த குறையே அதுதான். அடுப்பை மட்டும் நான் விட்டுக் கொடுக்கவில்லை. தம்பிக்குக் கீரை ஆகாது என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்கள். மறக்கவில்லை. அவன் உடம்பைப் பற்றித் தெரிந்த ஒரே ஆளாக நான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் சுபான் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். கடத்தூரில் ஒரு கடை பிடித்திருப்பதாகவும், முனிராஜ்தான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். கடைக்குப் பின்னாலேயே குடியிருக்க இரண்டு ரூம் இருக்கிறதாம். தம்பியின் முகத்தை நான் பார்த்தேன். மல்லாந்து படுத்த அன்றைக்கு இருந்த அதே முகம்.

அவர் போன பிறகு என்னிடம் வந்தான். “அக்கா, தை பொறந்ததும் போயிரலாம்னு இருக்கறோம். நீயும் வந்துரு அக்கா. காட்டக் குத்தகைக்கு உட்டுரலாம்” என்றான்.

கூப்பிட்டான், இல்லை என்று சொல்லவில்லை. உண்மையான ஆசையோடுதான் கூப்பிட்டான். ஆனால் நான் வராவிட்டாலும் அவன் போவான். அது எனக்குப் புரிந்தது. நீங்க போங்க கண்ணு, நான் பின்னால வர்றேன் என்று சொல்லிவிட்டுக் கேழ்வரகு புடைக்கப் போய்விட்டேன்.

நான் நினைத்தது பெரிய பாவமாக எனக்கு அப்போது தோன்றவில்லை. அந்தச் சாயங்காலத்தைப் போல் இன்னொரு சாயங்காலம் வந்தால் போதும். கையில் இருப்பது கீழே விழ வேண்டும், வாய் கொஞ்சம் இழுக்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் எல்லாம் சரியாகிவிட வேண்டும். அவனும் பயப்படுவான், அவளும் பயப்படுவாள். கடத்தூரில் போய் விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்று பாயே சொல்லிவிடுவார். அவன் வீட்டோடு இருப்பான். அடுத்த தடவை திரும்பி வராது என்று டாக்டர் சொன்னாரே என்கிறீர்கள். சொன்னார். டாக்டர்கள் பயமுறுத்துவதற்காகக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்ற எல்லா விஷயத்திலும் அவர் சொன்னதை அப்படியே நம்பினேன்.

முருங்கையைப் பச்சையாகக் கொடுத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் கொள்ளுச் சாற்றில் விட்டேன். விடிகிற நேரத்தில் இலையை உருவி, அம்மியில் மழுங்க அரைத்து, துணியில் பிழிந்து, அவன் டம்ளரில் மட்டும் கலப்பேன். கொள்ளின் கறுப்பில் பச்சை தெரியாது. வாசத்தைப் பூண்டு பார்த்துக்கொள்ளும். பெரியம்மாளுக்குக் கலக்காத சாற்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். அவளுக்கு அது ஒரு கெடுதலும் செய்யாது, நல்லதுதான் செய்யும். ஆனாலும் தம்பிக்கென்று அரைத்ததை அவளுக்கு ஊற்ற எனக்கு மனமில்லை.

ஒரு நாள் ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினான்.

“சாறு வேற மாதிரி இருக்குதேக்கா.”

“கொள்ளு பழசு சாமி” என்றேன்.

டம்ளரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தேன். மிச்சத்தைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். மறுநாளும் குடித்தான். அதற்குப் பிறகு அவன் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

வேலூருக்கு ரத்தம் கொடுக்கப் போக வேண்டிய நாள் வந்தது. அறுப்பு இருக்கிறது, முடித்துவிட்டுப் போகலாம் என்றேன். சரி என்றான். அறுப்பு முடிந்ததும், மழையாக இருக்கிறது என்றேன். அதற்கும் சரி என்றான்.

இதற்கு நடுவில் ஒரு நாள் நான் சந்தைக்குப் போயிருந்தபோது, பெரியம்மாள் புருஷனுக்கு ஆசையாக அரைக்கீரை கடைந்து வைத்திருக்கிறாள். தனக்குக் கீரை ஆகாது என்று அவன் அவளிடம் சொல்லியிருக்கலாம். புதுப்பெண்டாட்டி முதன்முதலாகத் தன் கையால் சமைத்தது, வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டான், நன்றாக இருக்கிறது என்றான். அவன் சுபாவமே அதுதான். ஆசையாக யார் எதைக் கொடுத்தாலும் மறுக்கத் தெரியாது.

மார்கழிக் கடைசியில், காலையில், சாமானைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாய் அனுப்பிய வண்டி மறுநாள் வருவதாக இருந்தது. ரேடியோவைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். பெரியம்மாள் கத்தின சத்தம் கேட்டு ஓடி வந்தேன். வலது கை இல்லை, வலது கால் இல்லை, பேச்சு இல்லை. நான் பதறவில்லை. சரியாகிவிடும் அழாதே என்று அவளுக்குத் தைரியம் சொன்னேன். அவனைப் பிடித்துத் தூக்கிச் சுவரோடு உட்கார வைத்துக்கொண்டு பொழுது சாயக் காத்திருந்தேன்.

பொழுது சாய்ந்தது. சரியாகவில்லை. மறுநாளும் சாய்ந்தது.

பாயுடைய வண்டியில்தான், பெரியப்பாவும் கூட வர, தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பையன், ஆனால் விஷயம் தெரிந்தவர். மாத்திரையைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார், மாத்திரை தவறாமல் விழுங்கியும் ரத்தம் எப்படிக் கட்டியது என்று கேட்டார். கீரை, பச்சிலை ஏதாவது கொடுத்தீர்களா என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பெரியம்மாளுக்கு அப்போதுதான் கீரை ஆகாது என்பதே தெரிகிறது. அவள் முகம் போன போக்கை இன்னும் நான் மறக்கவில்லை.

“நாந்தாங்க குடுத்தேன்” என்றாள். “அண்ணி சந்தைக்குப் போயிருந்தாங்க. நாந்தாங்க கீர கடைஞ்சு குடுத்தேன்.” அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முனிராஜ் இடது கையைத் தூக்கினான். அவளைப் பார்த்து இல்லை இல்லை என்று அந்தக் கையை ஆட்டினான். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். நான் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தேன். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று தெரியாது. அப்புறம் அந்தக் கையைத் தன் நெஞ்சில் வைத்து இரண்டு தடவை தட்டிக் காட்டினான். தானாகவே சாப்பிட்டுவிட்டாராம் என்று டாக்டர் எழுதிக்கொண்டார். அப்போதும் நான் சொல்லவில்லை.

வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இரண்டு மாதம் போல் இருந்தான். ஒரு விடியற்காலையில் மறுபடியும் இழுத்தது, அதோடு போய்விட்டான். காரியம் முடிந்த கையோடு பெரியப்பா கிளம்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் அவளே ஒப்புக்கொண்டாள், நானே கேட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னார். அவள் சோறு தின்பதில்லை. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தூக்கில் போடுவார்களா அண்ணி, போட்டால் நல்லதுதான் என்கிறாள்.

அது நடக்கக் கூடாது ஐயா. ஒரு நாள் கடைந்த கீரை, அதுவும் இரண்டு வாய், ஒன்றும் செய்யாது. ஒரு நாள் இரண்டு நாளில் ஆகிற காரியமில்லை அது. எத்தனை நாள் விடாமல் கொடுத்தால் ஆகும் என்று எனக்குத்தான் தெரியும். அவனை முதுகில் சுமந்தது நான். அவன் மூச்சுக்கு முட்டுக் கொடுத்தது நான். நேற்று வந்தவள் ஒரு நாள் அடுப்பு மூட்டிவிட்டு, நான்தான் கொன்றேன் என்று சொல்லிக்கொண்டு திரிவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ரைட்டர் இதைத் தெளிவாக எழுதட்டும். என் தம்பி முனிராஜைக் கொன்றது அவன் அக்கா மாதம்மாள். ஆகாது என்று தெரிந்தே, தினமும் கொள்ளுச் சாற்றில் முருங்கை இலைச் சாற்றைக் கலந்து கொடுத்தேன். அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். ரேகை எங்கே வைக்க வேண்டுமோ காட்டுங்கள், வைக்கிறேன்.

நீங்கள் இன்னும் ஒன்று கேட்டீர்கள். அவனுக்குத் தெரியுமா என்று.

தெரிந்திருந்தால் காட்டிக் கொடுத்திருப்பானே. பேச்சுதான் போயிற்று, இடது கை இருந்ததே. அவளுக்கு எதிரில், டாக்டருக்கு எதிரில், என் பக்கம் ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை. அதிலிருந்தே தெரியவில்லையா, அவனுக்கு நான் என்றால் என்னவென்று?

அந்த இரண்டு மாதமும் அவனை நிமிர்த்தி வைத்துத்தான் ஊட்ட வேண்டியிருந்தது. படுக்கப் போட்டால் கஞ்சி புரையேறிவிடும். பெரியம்மாள் சுவரோடு உட்கார்ந்து அவனைத் தன்மேல் சாய்த்துக்கொள்வாள். அவன் அப்படியே தூங்கிப்போவான். நான் தள்ளி நின்று பார்ப்பேன். அவளுக்குக் கை வலிக்குமே என்று நான் போய்க் கஞ்சியை வாங்கிக்கொள்வேன். நான் கரண்டியைக் கொண்டுபோனால் அவன் வாயைத் திறக்க மாட்டான். கோணிப்போன வாய், அதை முழுக்க மூடக்கூட அவனால் முடியாது. இடது கையை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வான். “அண்ணிதான் குடுக்கறாங்க, வாங்கிக்குங்க” என்று அவள் கெஞ்சுவாள். பொத்திய கையை எடுக்க மாட்டான். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருக்கும். அவள் கரண்டியை வாங்கினால் கையை எடுத்துவிட்டுச் சாப்பிடுவான். வெறும் கஞ்சிதான் ஐயா, நான் அதில் ஒன்றும் கலக்கவில்லை. தினமும் போவேன், தினமும் அப்படியே செய்வான். கடைசி நாள் வரைக்கும் என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கவில்லை.

எனக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் என்று நினைத்திருப்பான். அக்கா கஷ்டப்படுவதைச் சின்ன வயதிலிருந்தே அவன் பொறுக்க மாட்டான்.